ஓடை நீரும் அதில் வாழும் பூச்சிகளும்

சென்ற தை மாதக் கடைசியில், தாம்பரத்திற்கு மேற்கே அடையாற்றில் கலக்கும் ஓர் ஓடையின் கரையில் நமக்கு ஒரு வழக்கு வாய்த்தது. ஓடையின் மேற்பகுதியில் நெசவாளர் அங்கத்தினர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறு சாயப் பட்டறை ஒன்று உளது. அதற்குக் கீழே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரத்தில் கீரையும் வெண்டையும் பயிரிடும் அங்கத்தினர்கள் இருக்கின்றனர். ஓடை நீர் நாறுகிறது. அதைப் பாய்ச்சிய பாத்திகளில் முளைக்கீரை வெம்பிப் போகிறது. களையெடுக்கும் பெண்களின் கால்களில் அரிப்பு உண்டாகிறது. மண்டி வியாபாரி இந்தக் கரைக் கீரை என்றாலே வேண்டாமென்கிறார். இவை பயிரிடுவோரின் முறையீடு. சாயப் பட்டறையே இதற்குக் காரணம் என்பது அவர்கள் துணிபு. பட்டறைக்காரர்களோ ஒரு பரிசோதனைச் சாலையின் சான்றுத்தாளை எடுத்து நீட்டினர். பட்டறைக்குக் கீழே காலை பத்து மணிக்கு எடுத்த ஒரு புட்டி நீரில் குறிப்பிடத்தக்க குற்றம் இல்லை என்று அதில் கண்டிருந்தது. கீரை பயிரிடும் அம்மையார் ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "காலை பத்து மணிக்கு நல்ல தண்ணீர்தான், ஐயா. ராத்திரி பத்து மணிக்கு யார் போய்ப் புட்டியில் பிடித்தது?" என்று கேட்டார்.

இரு தரப்பாரும் ஒரே கடன் சங்கத்தில் பங்குத் தொகை செலுத்தியவர்கள். பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு விலகிவிடுவோம் என்று இரு பக்கத்திலும் பேச்சு எழுந்தபடியால்தான் நம்மை அழைத்திருந்தனர்.

அம்மையாரின் கேள்வி நமக்கு நம்முடைய தொழிலையே நினைவூட்டியது. தணிக்கை நாளன்று பெட்டியைத் திறந்து ரொக்கத்தை எண்ணினால் இருப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். முதல்நாள் மாலையில் கைமாற்று வாங்கி வைத்திருந்தாலும் சரியாகவே இருக்கும். ஆகையால் நாம் ரொக்கத்தை எண்ணியதோடு நில்லாமல், நாள்வழியையும் பேரேட்டையும் மாதக்கணக்கில் பின்னோக்கிப் புரட்டுகிறோம். புட்டியில் பிடித்த நீர் ரொக்க இருப்பைப் போன்றது. பிடித்த அந்த நிமிடத்தின் நிலையை மட்டுமே அது கூறும். இரவில் விட்ட கழிவு விடிவதற்குள் ஓடிப் போயிருக்கும். அன்றியும், பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் வெயிலின் உதவியால் நீரில் பிராணவாயுவைச் சேர்க்கின்றன. இரவு முழுவதும் அவையே அதைச் செலவழிக்கின்றன. எனவே நீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருப்பது விடியற்காலையில்தான். காலை பத்து மணிப் புட்டிக்கு அந்தத் துன்பம் தெரியாது.

ஓடைக்கும் ஒரு பேரேடு உண்டு. கல்லின் அடியிலும், மணலிலும், கோரையின் வேரிலும் ஒட்டி வாழும் பூச்சிகளே அப்பேரேடு. நாம் பட்டப் படிப்பில் விலங்கியல் பயின்றவராதலின் இதனைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

பறக்கும் பூச்சிகள் பலவற்றின் இளமைப் பருவம் நீருக்குள் கழிகிறது. தட்டான், ஊசித்தட்டான், கொசு ஆகியவற்றை யாவரும் அறிவர். அதிகம் அறியாத மற்றொன்று, சிறகு முளைத்தபின் ஓரிரு நாளே உயிர் வாழும் ஒருநாட் பூச்சி. அதன் ஆயுளில் மிகப் பெரும்பகுதி நீரின் அடியிலேயே கழிகிறது. இவ்விளம்பூச்சிகள் இனத்திற்கேற்பச் சில வாரம் முதல் ஓராண்டு வரையிலும் நீரில் இருக்கின்றன. நீர் கெட்டால் மீனைப்போல் நெடுந்தூரம் நீந்தித் தப்புவதற்கு அவற்றால் இயலாது. ஒரே ஓர் இரவு நஞ்சு பாய்ந்தாலும் அவை மடியும். மீண்டும் முட்டையிலிருந்து வளர்ந்து அவ்விடம் நிரம்பப் பல நாட்கள் செல்லும். அதுவரை அந்தப் பக்கம் வெறுமையாகவே இருக்கும். பேரேட்டில் கிழிக்கப்பட்ட தாளைப்போல் அதனைக் கண்டுகொள்ளலாம்.

ஆயினும் "பூச்சி இருக்கிறதே" என்று மகிழ்ந்துவிடலாகாது. எந்தப் பூச்சி என்பதே கேள்வி. அது எவ்வாறு மூச்சு விடுகிறது என்பதை அறிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஒருநாட் பூச்சியின் இளம்பருவத்திற்கு உடலின் இரு மருங்கிலும் சிறு இலைகள் போன்ற செவுள்கள் இருக்கும். வால் நுனியில் பெரும்பாலும் மூன்று, சிலவற்றில் இரண்டு, மயிர் போன்ற இழைகள் இருக்கும். இது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவையே நம்பி வாழ்வது. மலையோடைகளில் வாழும் கல் ஈ என்னும் மற்றொரு பூச்சி இதனினும் மென்மையானது. குளிர்ந்து பாயும் தெளிநீரையே அது விரும்பும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் கிடைக்கும் அதனைத் தாம்பரத்துச் சமவெளியில் தேடிப் பயனில்லை.

நெசவாள அங்கத்தினர்கள் விரும்பிப் பார்க்கத்தக்க உயிர் ஒன்றும் உண்டு. ஓடும் நீரில் கற்களின் இடுக்கில் தங்கும் ஒருவகைப் புழு, தன் வாயிலிருந்து பட்டிழை போன்ற இழையைக் கக்கி, நீரோட்டத்தை எதிர்நோக்கி ஒரு சிறு வலையைக் கட்டுகிறது. ஓட்டத்தில் வரும் துகள்கள் அவ்வலையில் சிக்க, அவற்றை உண்கிறது. வலையின் கண்கள் ஒரே அளவாய்ச் சதுரமாக அமைந்திருப்பதைப் பூதக்கண்ணாடியில் கண்டால், நாற்பதாண்டு தறியில் அமர்ந்தவரும் வியப்பர். நீரில் சேறோ சாக்கடைப் பிசினோ மிகுந்தால் அவ்வலை அடைந்துபோகும். புழுவும் அவ்விடத்தில் நிலைக்காது.

இனி எதிர்ப்பக்கம். கொசுப்புழு வாலிலுள்ள குழலை நீர்மட்டத்திற்கு மேல் நீட்டிக் காற்றை வாங்குகிறது. நீர்த்தேளும் அவ்வாறே. நீர்வண்டுகள் சிறகின் அடியில் காற்றைச் சுமந்து மூழ்குகின்றன. நீர்மேல் ஓடும் பூச்சி நீருக்குள் இறங்குவதே இல்லை. இவை நீரிலுள்ள பிராணவாயுவைப் பற்றிக் கவலையுறாதவை. ஆகவே நம் வழக்கில் இவை சாட்சி ஆகமாட்டா. சாக்கடையில் நெளியும் நீண்ட வாலுடைய வெண்புழுவும் வாலையே மூக்காகக் கொண்டது. சேற்றில் கூட்டங் கூட்டமாய் நெளியும் இரத்தப்புழு வேறு விதம். கடிக்காத ஒருவகைச் சிறு கொசுவின் புழு அது. நம் இரத்தத்தில் உள்ளது போன்ற செந்நிறப் பொருள் அதன் உடலிலும் இருப்பதால், பிராணவாயு அருகிய நீரிலும் அதனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒன்றிரண்டு இரத்தப்புழு எங்கும் இருக்கும். வேறொன்றும் இன்றி அதுவே நிறைந்திருந்தால் நீர் மூச்சு முட்டிக் கிடக்கிறது என்று பொருள்.

தட்டானைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஓடைமேல் தட்டான் பறப்பதைக் கண்டு நீர் நல்லது எனத் தீர்மானிப்பவர் உளர். பறக்கும் தட்டான் எங்கிருந்தும் வரலாம். மழைக்காலத்தையொட்டித் திரளும் மஞ்சள் தட்டான் கடல் கடந்தே செல்லும் இயல்புடையது. சாக்கடை கலந்த குட்டைகளிலேயே மகிழ்ந்து பெருகும் தட்டான் இனமும் நம்மூரில் உண்டு. நீருக்குள் இருக்கும் இளம்பூச்சியையும், கோரையில் அது கழற்றிவிட்டுச் சென்ற சட்டையையுமே கணக்கில் கொள்ள வேண்டும்.

நீரில் கரைந்துள்ள பிராணவாயுவின் கணக்கு மிகச் சிறியது. 20 டிகிரி வெப்பமுள்ள தூய நீரில் ஒரு லிட்டருக்கு அதிகபட்சம் ஏறக்குறைய 9 மில்லிகிராம் தங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம் அளவே தங்கும். நம் செங்கற்பட்டுச் சீமை ஓடைகள் இயற்கையிலேயே குறைந்த முதலுடன் குடித்தனம் செய்பவை. அந்த முதலைக் கரைப்பவை யாவை? வீட்டுச் சாக்கடை, மலக்கழிவு, சாணக் குவியலின் வடிநீர் ஆகியவற்றை யாவரும் சொல்வர். பாவுக்குப் போட்டு மிஞ்சிய அரிசிக் கஞ்சியையும் சேர்க்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கஞ்சி சோறுதானே, அதனால் என்ன கெடுதி என்பர். சோறாக இருப்பதே கெடுதி. கிருமிகள் அதனை உண்டு பெருகும்போது நீரின் பிராணவாயு முழுவதையும் இழுத்துக்கொள்ளும். சாயத் தொட்டியில் இடும் ஹைட்ரோசல்பைட் உப்போ கிருமியின் உதவியும் இன்றி நேரே பிராணவாயுவைத் தின்றுவிடும். நிறம் மட்டும் அளவுகோல் ஆகாது. ஒரு சிட்டிகை நீலம் ஓடை முழுவதையும் நீலமாக்கிக் காட்டும். நிறமற்ற கழிவு அதனினும் கொடிதாக இருத்தல் கூடும்.

சாயமேற்றப் பயன்படும் உப்பு வேறொரு தொல்லை. சாதாரணச் சுத்திகரிப்பில் அது நீங்குவதில்லை. திருப்பூரில் நொய்யலாற்றுப் பாசனம் உப்பேறி, பயிரிடுவோர் நெடுங்காலம் வழக்காடியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் அங்கத்தினர்கள் அறிந்ததே. நீரில் உப்பு ஏறும்போது முதலில் மறைவனவற்றுள் ஒருநாட் பூச்சியும் ஒன்று. பயிரிடுவோரும் முற்றிலும் குற்றமற்றவர் அல்லர். இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்துகளைத் தெளித்த கைத்தெளிப்பானை ஓடையில் கழுவினால், நம் கண்ணுக்கும் மூக்கிற்கும் புலப்படாத சிறு அளவே இப்பூச்சிகளைக் கொல்லப் போதுமானது.

இம்முறை புதிதன்று. ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்ஸன் என்னும் இருவர் 1902 முதல் 1909 வரையில் இதற்கு அடிகோலினர். பிரிட்டனில் 1976இல் அமைந்த ஒரு குழு, பூச்சிக் குடும்பம் ஒவ்வொன்றிற்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் வகுத்தது. மென்மையான கல் ஈக்களுக்கு 10. வலை கட்டும் புழுவுக்கு 5. இரத்தப்புழுவின் குடும்பத்திற்கு 2. சேற்று மண்புழு இனத்திற்கு 1. கிடைத்த குடும்பங்களின் மதிப்பெண்களைக் கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வரும். நம் நாட்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இவ்வகையில் ஐந்து வகுப்புகளை ஏற்படுத்தியுள்ளது. மதுரைக் கல்லூரியில் பணியாற்றிய கே. ஜி. சிவராமகிருஷ்ணன் தென்னாட்டு ஒருநாட் பூச்சிகளை ஆராய்ந்தவர். அவரும் கே. ஏ. சுப்பிரமணியனும் எழுதிய செய்முறைக் கையேட்டினைப் பெங்களூர் அசோகா அறக்கட்டளை நிறுவனம் 2007இல் வெளியிட்டது.

பிரிட்டிஷ் மதிப்பெண் அட்டவணையை அப்படியே எடுத்து அடையாற்றில் வைத்தால் பிழை நேரும் என்பது நம் கருத்து. அங்குத் தட்டான்களுக்கு 8 மதிப்பெண். இங்கோ, மேலே கூறியபடி, சாக்கடைத் தட்டானும் அதே குடும்பத்தில் அடங்கும். ஆகவே அங்கத்தினர்கள் மதிப்பெண்ணை நம்புவதைவிட, ஒரே ஓடையில் மேலிடத்தையும் கீழிடத்தையும் ஒப்பிட்டு நோக்குவதே நலம். குற்றம் எங்கே நுழைகிறது என்பதே நமக்கு வேண்டியது.

எப்பொழுது பார்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். அடையாறு மணிமங்கலத்தை அடுத்த மலைப்பட்டு, ஆதனூர் முதலிய ஏரிகளின் உபரி நீரால் பிறந்து, ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்வது. திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்தின் உபரியும் வந்து கலக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டை இப்பகுதியார் மறவார். சாதாரண ஆண்டிலும் ஐப்பசி கார்த்திகை வெள்ளம் பூச்சிகளைக் கல்லோடு புரட்டிக் கொண்டு போய்விடும். வெள்ளம் வடிந்து மூன்று நான்கு வாரமாவது கழிய வேண்டும். சித்திரை வைகாசியில் ஓடையில் ஓடுவது பெரும்பாலும் வீட்டுச் சாக்கடையே. அப்பொழுது பார்த்து ஒருவர்மேல் பழி கூறுவது நியாயமாகாது. தை, மாசியே தக்க காலம்.

கருவிகளுக்குப் பெருஞ்செலவு இல்லை. அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள வலைத்துணியை ஒரு கம்பிச் சட்டத்தில் தைத்துக்கொள்ள வேண்டும். நம் சங்கத்தில் நெய்யக்கூடியவர்கள் உள்ளனர். ஒரு வெள்ளை எனாமல் தட்டு, சிறிய தூரிகை, பூதக்கண்ணாடி, நோட்டுப் புத்தகம் போதும். நீர் வரும் திசையை நோக்கி வலையைப் பிடித்து, அதன் முன்னே நின்று காலால் கல்லையும் மணலையும் மூன்று நிமிடம் கிளற வேண்டும். கிளம்பும் உயிர்கள் ஓட்டத்தோடு வலையில் விழும். தட்டில் சிறிது நீர் விட்டு அவற்றைக் கொட்டி, எண்ணிக் குறித்து, மீண்டும் ஓடையிலேயே விட்டுவிடலாம். எல்லா இடத்திலும் அதே மூன்று நிமிடம், அதே வலை, கூடுமானால் அதே ஆள். ஓரிடத்தில் கற்களையும் மற்றோரிடத்தில் சேற்றையும் கிளறி ஒப்பிடுதல் ஆகாது. முழங்கால் வரை ரப்பர்ச் செருப்பு அணியாமல் இறங்கலாகாது. எலிக்காய்ச்சலும் உடைந்த கண்ணாடியும் இவ்வோடைகளில் சாதாரணம்.

நம் வழக்கிற்கு வருவோம். இரு தரப்பிலிருந்தும் இருவரிருவரை அழைத்துக்கொண்டு நான்கு இடங்களில் வலையிட்டோம். பட்டறைக்கு மேலே மூன்று வாலுள்ள இளம்பூச்சிகள் தட்டு நிறையத் துள்ளின. கற்களில் வலை கட்டும் புழுக்களும், ஊசித்தட்டான் குஞ்சுகளும் கிடைத்தன. பட்டறைக்குச் சற்றுக் கீழே வலை கட்டும் புழு ஒன்றேனும் இல்லை. மூன்று வாலுடையவை விரல்விட்டு எண்ணும்படி இருந்தன, இரத்தப்புழு தலைகாட்டியது. பயிரிடுவோர் தரப்பில் வந்த பெரியவர் நம் முகத்தைப் பார்த்தார். பட்டறைக் காரியதரிசி தரையைப் பார்த்தார். சான்றுத்தாளில் காணாதது தட்டில் கிடந்தது.

ஆனால் இன்னும் அரைக் கிலோமீட்டர் கீழே மூன்றாம் இடத்தில் ஓடை தேறிவிட்டது. வலை கட்டும் புழு சில. மூன்று வால் பூச்சிகள் ஏராளம். கற்களில் தாவிப் பாய்ந்து வந்ததில் நீர் மீண்டும் மூச்சு வாங்கியிருக்கிறது. அதற்கும் கீழே, கீரைத் தோட்டத்திற்கு மேலே, சாலையின் குறுக்கே ஒரு மதகுப் பாலம் உளது. அதைத் தாண்டி நான்காம் முறை வலையிட்டபோது தட்டு சிவந்து போயிற்று. இரத்தப்புழுவும் நீள்வால் வெண்புழுவும் தவிர வேறு உயிர் இல்லை. மூன்றாம் இடத்தில் நலமாயிருந்த நீர் இங்குச் செத்திருக்கிறதென்றால், இரண்டிற்கும் இடையில் புகுந்ததே காரணம். மேலே இருக்கும் பட்டறையின் தலையில் இதனைச் சுமத்த இயலாது. பாலத்தின் கைப்பிடிச் சுவரருகே டயர்த் தடங்களும், நீண்ட குழாயை இழுத்த தடமும் இருந்தன. கழிவுநீர்த் தொட்டிகளை உறிஞ்சும் லாரிகள் இரவில் வந்து நிற்பதை அருகிலுள்ள டீக்கடைக்காரர் பன்முறை கண்டிருக்கிறார். அவரை அதுவரை எவரும் கேட்கவில்லை.

இம்முறையால் ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். பூச்சிகள் மிகுந்த நீர் குடிநீர் ஆகிவிடாது; வாந்திபேதிக் கிருமியைப் பற்றி ஒருநாட் பூச்சிக்கு ஒன்றும் தெரியாது. ஏரி, குளம் போன்ற நிலைநீருக்கு ஓடையின் கணக்கு பொருந்தாது. எது கொன்றது என்பதன் பெயரையும் பூச்சி கூறாது. குரோம் தோல் தொழிலால் பெயர் பெற்ற குரோம்பேட்டையையும் பம்மலையும் சுற்றியுள்ள நீர்நிலைகளில் உலோகம் கலந்துளதா என்று அறிய ரசாயனச் சோதனையே வழி. பூச்சிக் கணக்கு சோதனைச் சாலைக்குப் போட்டியன்று. எந்த இடத்தில், எந்த நேரத்தில் புட்டியைப் பிடிப்பது என்று அது வழி காட்டும். நாமும் அவ்வாறே மதகுப் பாலத்தின் கீழ் விடியுமுன் நீர் எடுக்கச் செய்து, 1974ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு மனுவும் எழுதிக் கொடுத்தோம். நான்கு தட்டுகளின் குறிப்பை மனுவுடன் இணைத்தோம். இரு தரப்பாரும் அதில் கையொப்பமிட்டனர்.

பாலத்தின் ஓரத்தில் லாரி ஒதுங்க முடியாதபடி கல் நட்டாயிற்று. லாரி எவருடையது என்பது இன்றளவும் தெரியவில்லை. வேறு பாலத்தைத் தேடிப் போயிருத்தல் கூடும் என்று நாம் ஐயுறுகிறோம். பட்டறையில் கஞ்சி நீரை ஓடையில் விடாமல், மாடு வைத்திருப்போருக்குக் கொடுக்கவும், ஹைட்ரோஸ் இட்ட நீரைத் தொட்டியில் இருத்திவைத்துச் சுத்திகரிப்புக்கு அனுப்பவும் நிர்வாகக் குழு தீர்மானம் செய்தது. கஞ்சி நீர் ஏற்பாடு உடனே நடைமுறைக்கு வந்தது. தொட்டி இன்னும் பாதி கட்டிய நிலையில் நிற்கிறது. கீரை வாங்க மறுத்த வியாபாரி இன்னும் திரும்பி வரவில்லை. அம்மையார் இப்பொழுது கிணற்று நீர் பாய்ச்சிய கீரையை வேறிடத்தில் விற்கிறார். நோட்டுப் புத்தகம் அவரிடம் இருக்கிறது. அடுத்த தை மாதம் அதே நான்கு இடங்களில் வலையிடுவதாக ஏற்பாடு. வலையும் தட்டும் சங்கத்தின் தளவாடப் பதிவேட்டில் ஏறிவிட்டன. அவற்றின் விலையை எந்தச் செலவுத் தலைப்பில் எழுதுவது என்பது மட்டும் நிர்வாகக் குழுவில் இன்னும் தீராமல் இருக்கிறது.